நான்காவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா மூவரும் நலமா? உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசைமேல் குனிந்து நிற்பவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று திட்டாதே.

தீவுக்கு வந்து ஏழு நாளாகிறது. போன் சிக்னல் படகுத்துறையின் கடைசிப் பலகையில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்று உன்னிடம் கத்திப் பேச என்னால் ஆகாது. கல்லூரியில் வருகைப் பதிவுக்கே குரல் வராமல் பாதி நாள் 'வரவில்லை' ஆனவள் நான். அதனால்தான் கடிதம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் சரக்குப் படகில் தபாலும் போகும்.

வேலையைச் சொல்கிறேன். இந்த விடுதிக்கு வருபவர்கள் விளையாட்டுக்காகத் தூண்டில் போடுகிறவர்கள். பவளத்திட்டின் ஓரத்தில் பெரிய மீன்களோடு மல்லுக்கட்டுவார்கள். பிடித்ததை அளந்து, படம் எடுத்து, உயிரோடு கடலில் விட்டுவிடுவார்கள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுத ஒரு பார்வையாளர் வேண்டும். அதுதான் நான். நம் வீட்டின் முதல் பட்டதாரி மீனுக்கு டேப் பிடிக்கிறாள் என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும்.

சாதனை என்று யாராவது சொன்னால் ஆறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நான் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். நான்காவது கேள்விதான் முக்கியம் என்றார் மேனேஜர்: "மீன் கடித்ததிலிருந்து படகோரம் வரும்வரை, தூண்டில்காரரைத் தவிர வேறு யாராவது கோலையோ, ரீலையோ, நரம்பையோ தொட்டார்களா?" நரம்பு என்பது தூண்டிலின் நைலான் நூல். ஒரு விரல் பட்டாலும் மீன் கணக்கில் வராது.

ஜூன் கடைசியில் என்னை நிரந்தரம் செய்வார்களா இல்லையா என்று தெரியும். இங்கேயே இருக்க வேண்டும் போலிருக்கிறது, அக்கா. என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீரில் மூன்று நிறம் தெரிகிறது.

உன் தங்கை


ஜனவரி 24

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தோள்வலி தோளில்தான் இருக்கிறது, வேறெங்கும் போகவில்லை.

கடிதத்தை உன் மாமா நான்கு தடவை படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மண்புழுவோடு உட்கார்ந்து விரல் நீளக் கெண்டையோடு வீட்டுக்கு வருகிற மனிதருக்கு இது பெரிய விஷயம். லேத் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அம்மா மட்டும், "பிடிச்ச மீனை எதுக்குடி திரும்ப விடுறாங்க, அவங்களுக்குப் பசிக்காதா?" என்கிறாள்.

வெயிலில் தலையை மூடிக்கொள். யாராவது பேசினால் பதில் சொல்லு. தலையை மட்டும் ஆட்டாதே.

அக்கா

பி.கு. நான் மாமா. அந்த ரீலுக்கு பிரேக் உண்டாமே. டிஸ்க்கா, ட்ரம்மா? மறக்காமல் எழுதவும்.


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நேற்று நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பல் டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார். வயது அறுபத்தொன்று. என் தோளுயரம்தான் இருப்பார். பெண்களுக்கான மெல்லிய நரம்புப் பிரிவில் பாரை மீன் சாதனை 112 சென்டிமீட்டர். அதைத் தாண்ட நான்கு வருடமாக வந்துகொண்டிருக்கிறார்.

விடியும்போது கிளம்பினோம். கேப்டன் சக்கரத்தில். தளத்தில் 'வயர்' என்று எல்லோரும் கூப்பிடும் ஆள்; அத்தனை ஒல்லி, வயது ஐம்பது. பிறகு டாக்டரம்மாவும் நானும். இரண்டு மணி நேரம் ஓடியபின் கடலில் கோடு கிழித்ததுபோல ஓர் இடம் வந்தது. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கருநீலம். நடுவில் திட்டின்மேல் அலை உடைந்து வெள்ளையாகக் கொதிக்கிறது.

பொய்மீன் என்பது உள்ளங்கை நீள மரக்கட்டை. அதன் வாய் குழிவாக இருக்கும். வீசி, வெடுக்கென்று இழுத்தால் 'களக்' என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு வரும். முதலில் ஒரு சிவப்புக் களவாய் மீன் வந்தது. அடுத்து ஒரு ஷீலா மீன் நரம்பைப் பல்லால் நறுக்கிவிட்டுப் போனது. "பரவாயில்ல, நல்ல பல்லு," என்றார் டாக்டரம்மா.

பத்து இருபதுக்கு வெள்ளை நுரைக்குள் வீசினார். மூன்றாவது இழுப்பில் பொய்மீனுக்குப் பின்னால் தண்ணீர் மேடாக எழுந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. அதன்பின் கல்லைத் தூக்கிப் போட்டது போல ஒரு சத்தம், ரீல் கிறீச்சிட்டது. "கடிச்சிட்டான்," என்று வயர் கத்தினார். "முப்பது வருஷமா வாயத் திறங்க, வாயத் திறங்கன்னு சொல்லி அலுத்துட்டேன்," என்றார் டாக்டரம்மா, கோல் வில்லாய் வளைந்திருக்க. "இவன் ஒருத்தன்தான் சொல்லாமலே திறந்திருக்கான்."

மீன் நூறு மீட்டர் நரம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவர் பத்து மீட்டர் சுற்றினால் அது இருபது மீட்டர் எடுத்தது. கேப்டன் படகைத் திட்டிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்தார். பத்து நாற்பதுக்கு மீன் படகுக்கு அடியில் போய்விட்டது.

பதினொன்று ஐந்துக்கு, தூண்டில் முனையில் இருக்கும் தடித்த நரம்பை வயர் கையில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மீன் வந்துவிட்டதாகக் கணக்கு. ஈரத் தொட்டிலில் கிடத்தி அளந்தேன். 118. இரண்டு தடவை அளந்தேன். கண் மாம்பழக் கொட்டை அளவு, என்னையே பார்த்தது. தண்ணீரில் விட்டதும் வாலால் எங்கள் எல்லோர் முகத்திலும் அறைந்துவிட்டுப் போனது.

மாலையில் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் நின்று கை தட்டிக்கொண்டிருக்கும்போதே படிவத்தை என் கையில் கொடுத்தார்கள். ஆறு கேள்விக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாமாவிடம் சொல்: டிஸ்க்தான். எல்லோரும் நலம்தானே?

உன் தங்கை


பிப்ரவரி 26

என் ஊமைக்கோட்டானுக்கு,

நலம், நலம், நலம். கடிதம் வந்த அன்று உன் மாமா சாப்பிடவில்லை. தகரத்தில் 118 சென்டிமீட்டரை அளந்து, மீன் வடிவில் வெட்டி, சாம்பல் பெயின்ட் அடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். வேலைக்கு வருகிறவர்களை எல்லாம் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கிறார். "என் மச்சினி அளந்தது. உன் இடுப்பத் தாண்டுது பார்." அம்மாகூடப் போய்ப் பார்த்தாள். "இதையா விட்டாங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு ஒரு விஷயம். பத்து இருபது, களக், முதுகு, எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் எழுதியிருக்கிறாய். பத்து நாற்பதுக்கு மீன் படகுக்கு அடியில் போனது. அடுத்த வரியில் பதினொன்று ஐந்து. நடுவில் இருபத்தைந்து நிமிடம் என்ன நடந்தது? சண்டையின் நல்ல பகுதி அதுதானே?

அக்கா

பி.கு. மாமா. வாலை எங்கிருந்து அளக்க வேண்டும்? பட்டறையில் தகராறு.


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

மாமாவின் கேள்வி சரியானது. மூக்கு நுனியிலிருந்து வாலின் நுனிவரை அளப்பதில்லை. வால் இரண்டாகப் பிரியும் கவட்டுவரைதான் கணக்கு. நுனிகள் ஒடிந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். ஆகவே மாமா 118-ஐ வால்நுனிவரை வெட்டியிருந்தால் அவருடைய மீன் சின்னது. கவட்டுக்குப் பின்னால் இன்னும் ஒரு சாணாவது வேண்டும். அந்த வால் பிறைபோல வளைந்திருக்கும். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவு. வால் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ரம்பம்போல முள்செதில்கள் உண்டு. படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

மேனேஜர் வரவேற்பறையில் சாதனைப் பலகைக்கு இடம் விட்டு ஆணி அடித்துவிட்டார். "உனக்கு நல்ல ராசி," என்கிறார். ஏப்ரல் பத்துக்குள் படிவம், சாதனைகளைப் பதிவு செய்யும் தூண்டில் சங்கத்துக்குப் போக வேண்டும். படங்கள் அச்சாகி வரக் காத்திருக்கிறோம். அதுவரை அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டாக்டரம்மா ஏப்ரல் முதல் வாரம் மறுபடி வருகிறார். எனக்கு ஒரு தொப்பி அனுப்பியிருக்கிறார். நல்ல தொப்பி.

இந்த வாரம் வெயில் அதிகம்.

உன் தங்கை


மார்ச் 25

குட்டிக்கு,

சுகம். வால் படத்தைப் பார்த்து மாமா தகரத்தில் ஒட்டுப்போட்டுவிட்டார். ஒரு பக்கம் நிரம்ப வாலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது வாலை அல்ல.

இதோடு ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தையல்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார். ஓரிடத்தில் மூன்று தையல் விட்டிருக்கும். முதல் துவைப்பில் பிரியாது, ஐந்தாவதில் பிரியும். தடவித் தெரிந்த பிறகும் கட்டோடு சேர்த்து அனுப்பிவிட்ட சட்டை ஒன்று எனக்கும் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

எழுத வேண்டாம் என்றால் எழுதாதே. சரியாகச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள். துணி கிடைத்தது. விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்து ஐம்பத்திரண்டு. அந்த நேரம்தான். மீன் படகுக்கு அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டனின் கண் திட்டின்மேல். வயர் முன்பக்கம் ஓடியிருந்தார். பக்கவாட்டில் ஓர் அலை தூக்கியது. டாக்டரம்மாவின் முழங்கால் மடங்கியது. இடுப்புப் பட்டையில் ஒரு கிண்ணம் இருக்கும், கோலின் அடி அதில்தான் உட்காரும். அது நழுவிவிட்டது. அவரே கோலோடு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார். என் வலது கை அவர் சட்டையைப் பிடித்தது. இடது கை கோலைப் பிடித்தது. ரீலுக்கு ஒரு சாண் மேலே. மூன்று எண்ணும் நேரம். அவர் நிமிர்ந்ததும் விட்டுவிட்டேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்று படகில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அன்று மாலை அத்தனை பேர் கை தட்டும்போது நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். ஆமாம் என்று எழுதியிருந்தால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் எழுதினேன், அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

முந்தாநாள் டாக்டரம்மா வந்தார். மேனேஜர் அறையில் இருவரும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்று சொன்னேன். குரல் பாதியில் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். "நீ சொல்லலேன்னா யாருக்கும் தெரியப்போறதில்லம்மா," என்றார்.

"எந்தக் கை?" என்றார் டாக்டரம்மா.

"இடது கைங்க."

என் கையை வாங்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"மூணு எண்ணுற நேரம்."

"நாலு வருஷம்," என்றார். என் கையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

படிவத்தை நானே கிழித்தேன். நேற்றுக் காலைப் படகில் அவர் போய்விட்டார். மாமாவிடம் எப்படியாவது சொல்லிவிடு. தகரத்தை எடுத்துவிடச் சொல்.

உன் தங்கை


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலம்தானே? இரண்டு சரக்குப் படகு வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. தபால் பையை நானே தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். கோபம் என்றால் கோபத்தையாவது எழுது.

மேனேஜர் ஆணியைப் பிடுங்கிவிட்டார். சுவரில் ஓட்டை இருக்கிறது. என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். வயர்தான் என்னைக் கூப்பிட்டு, "நான் பின்னாடி நின்னிருந்தா உனக்கு இந்தத் தொல்லையே இல்லம்மா," என்றார். கேப்டன் காலையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றுகிறார்.

கடலில் இருக்கும்போது மட்டும் எல்லாம் மறந்துவிடுகிறது. போன வாரம் மயில்மீன் ஒன்று முதுகுத் துடுப்பைப் பாய்போல விரித்துக்கொண்டு ஏழு தடவை துள்ளியது. ஏழையும் எண்ணினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினேன்.

ஒரு வரி போடு.

தங்கை


மே 20

என் ஊமைக்கோட்டானுக்கு,

சுகம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. கை வேலையாக இருந்தது. முடிக்காமல் எழுதினால் உளறிவிடுவேன் என்று எழுதவில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்து அந்த நான்காவது கேள்வியைத் திரும்பப் படித்தேன். "கோலையோ, ரீலையோ, நரம்பையோ." ஆளைப் பிடிக்கக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? நீ பட்டம் வாங்கியவள், உனக்குத் தெரியாமலா போகும் என்றுதான் நானும் நினைத்தேன். பயத்தில் யாருக்கும் தெரியாது.

பார்சலைப் பிரி. தார்ப்பாய்த் துணியில் இடுப்புப் பட்டை. முதுகுப்பக்கம் இரண்டு கைப்பிடி. ஒவ்வொன்றும் நான்கு வரிசைத் தையல். முதல் பட்டையை நானே பிரித்துப் போட்டுவிட்டேன், கைப்பிடி தோதாக இல்லை. பூட்டு வளையம் மாமா பித்தளையில் கடைந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவர் பட்டறைத் தூணைப் பிடித்து நிற்க, மூன்று பேர் பின்னாலிருந்து இழுத்தார்கள். மாமாவின் சட்டை கிழிந்தது. பட்டை கிழியவில்லை. ஆனால் எனக்குக் கடல் தெரியாது. சரிப்படாவிட்டால் சொல்லு.

தகரத்தை எடுக்கச் சொன்னாயே. கடிதத்தைப் படித்ததும் ஏணி வைத்து ஏறினார். நானும் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ரீலுக்கு ஒரு சாண் மேலே என்றால் சுவரில் எந்த இடம் என்று கேட்டு, மீனுக்கு மேலே சுண்ணாம்பில் ஓர் இடது கை வரைந்துவிட்டு இறங்கிவிட்டார். இப்போது வருகிறவர்களிடம், "சாதனை பண்ணினவங்க நிறைய பேர் இருப்பாங்கப்பா. சாதனையத் தொட்டவ என் மச்சினி ஒருத்திதான்," என்கிறார். பட்டறையில் அதற்குப் பெயரே 'தொட்ட மீன்'.

வேலை போனால் வீடு இருக்கிறது. ஆனால் போகாது என்றுதான் என் விரலுக்குப் படுகிறது.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நலம்தான். இரண்டு கையும் நடுங்குகிறது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். முன்பதிவுத் தாளில் பார்வையாளர் என்ற கட்டத்தில், "கையைப் பற்றி உண்மை சொன்ன பெண்" என்று எழுதியிருந்ததாம். மேனேஜர் அந்தத் தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். படகில் ஏறியதும் பட்டையைக் கொடுத்தேன். "யார் தைச்சது?" "எங்க அக்கா." கைப்பிடியை முறுக்கி இழுத்துப் பார்த்தார். கட்டிக்கொண்டார். "நேத்து சங்கத்துக்கு போன் பண்ணிக் கேட்டேன், ஆளைப் பிடிக்கலாமாம்," என்றார். நீ கண்டுபிடித்ததையே அவரும் கண்டுபிடித்திருக்கிறார், அக்கா.

ஒன்பது பத்துக்குக் கடித்தது. இந்தத் தடவை நிமிடத்துக்கு நிமிடம் சொல்கிறேன். ஒன்பது பதினெட்டுக்குத் திட்டை நோக்கி ஓடியது. நரம்பு பவளத்தில் உரசினால் முடிந்தது கதை. கேப்டன் படகைப் பின்னாலேயே ஓட்டினார். ஒன்பது இருபத்தாறுக்கு நேர் கீழே போய் அசையாமல் நின்றது. ஒன்பது முப்பத்தொன்றுக்கு டாக்டரம்மா, "என்னால முடியல," என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "முடியும்மா, சுத்துங்க, அது களைச்சுப்போச்சு, சுத்துங்க," என்று கத்தினேன். வயர் திரும்பி, மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்குப் பேச வருமா?" என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு அலை வந்தது. போன தடவையைவிடப் பெரியது. அதே முழங்கால் மடங்கியது. நான் அப்போது இரண்டு கைப்பிடியையும் பிடித்து, காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். முழு எடையும் என் கைக்கு வந்தது. உன் தையல் ஒரு நூல்கூட முனகவில்லை. கோல் என் மூக்குக்கு முன்னால் ஆடியது. தொடவில்லை, அக்கா. கத்தினேன், தொடவில்லை.

பத்து ஒன்றுக்கு வயர் தடித்த நரம்பைப் பிடித்தார். கவட்டுவரை 116. மாமாவின் மீனைவிட இரண்டு சென்டிமீட்டர் சின்னது. அதனால் 'தொட்ட மீன்' சுவரிலேயே இருக்கட்டும். பழைய சாதனையைவிட நான்கு பெரியது. மீனை விட்ட பிறகு டாக்டரம்மா கோலைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப தொடலாம்," என்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கரை சேரும்வரை விடவில்லை.

நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில், "தூண்டில்காரரைப் பார்வையாளர் பிடித்திருந்தார், இரண்டு கைகளாலும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சங்கம் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டும். என் வேலையும் இந்த மாதக் கடைசியில்தான் தெரியும். ஆனால் இன்று மாலை மேனேஜர் சுவர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் தோளைப் பார்த்துக்கொள். அந்தச் சட்டையின் கதையை எப்போது சொல்வாய்? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். உறையை ஒட்டி முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு படகுத்துறையின் கடைசிப் பலகைக்குப் போகிறேன். நாலு பேர் நிற்பார்கள். நிற்கட்டும்.

உன் ஊமைக்கோட்டான்